மர்ஹலாவும் கோச்சியும்: ஊவா ரயில் பாதையில் ஒரு நாளின் கணக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கினால் கொழும்பிலுள்ள உறவினர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். காலைக் கோச்சியில் ஏறி, எல்லயைப் பார்த்துவிட்டு, அன்றிரவே வீடு திரும்ப முடியுமா என்று கேட்பார்கள். முடியாது என்பதே எப்போதும் என் பதில். கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து எல்ல ஏறத்தாழ 271 கிலோமீற்றர். பாதை ஒழுங்காக இருக்கும் காலத்திலேயே கோச்சி அதைக் கடக்க ஒன்பது மணித்தியாலம் வரை எடுக்கும். போய்வரப் பதினெட்டு மணித்தியாலம். எல்லயில் இறங்கி ஒரு தேநீர் குடிக்கவும் நேரமிராது. கண்டிக்குப் போய் வரலாம், காலிக்குப் போய் வரலாம், நீர்கொழும்புக்கும் போய் வரலாம். ஊவாவுக்கு மட்டும் கொழும்பின் ஒரு நாள் போதாது.

இந்தச் சிறிய பதிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒரு நாளில் மனிதன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தப் பாதை யாருடைய நாளைக் கணக்கிட்டுப் போடப்பட்டது? அந்தக் கணக்கில் ஊவாவின் முஸ்லிம்களும் தோட்டத்துத் தமிழர்களும் எங்கே நிற்கிறார்கள்? இவற்றைப் பற்றிச் சில குறிப்புகளை எழுத விரும்புகிறேன்.

மார்க்கம் அளந்த நாள்

பயணத் தூரத்தை நாளால் அளப்பது நமக்குப் புதியதல்ல. குர்ஆன் மத்ரஸாவில் படித்த பிள்ளைக்கும் ‘மர்ஹலா’ என்ற சொல் தெரியும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், தொழுகையைக் கஸ்ராகச் சுருக்கித் தொழுவதற்கு இரண்டு மர்ஹலாத் தூரம் வேண்டும். ஒரு மர்ஹலா என்பது சுமையேற்றிய ஒட்டகம் ஒரு நாளில் கடக்கும் வழி. இன்றைய அளவில் இரண்டு மர்ஹலாக்களும் சேர்ந்து 80 கிலோமீற்றருக்குச் சற்று மேல் என்று உலமாக்கள் கணக்கிடுகிறார்கள். அவர்கள் கூறும் எண்ணிக்கைகளுக்கிடையே சிறு வேறுபாடு உண்டு.

ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் இதற்கு ஒரு விளக்கம் சேர்க்கிறார்கள். கடலும் தரையைப் போன்றதே. அந்தத் தூரத்தை ஒருவர் கப்பலில் சிறிது நேரத்தில் கடந்துவிட்டாலும் அவருக்குக் கஸ்ர் உண்டு என்பது அதன் கருத்து. நீராவி இயந்திரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தூரம் வேறு, நேரம் வேறு என்று பிரித்துப் பார்த்த அறிவு அது. இக்காலத்தில் ரயிலில் போகிறவர் களைப்படையவில்லையே, அவருக்கு ஏன் சலுகை என்று கேட்பவர்களுக்கான விடையும் அதிலேயே இருக்கிறது.

பதுளையில் ஏறி நானுஓயா போகும் ஒருவர் ரயில் பாதையில் ஏறத்தாழ 85 கிலோமீற்றர் கடக்கிறார். ஏறக்குறைய இரண்டு மர்ஹலாதான். சுமை மாட்டுடன் நடந்தவர்களின் இரண்டு நாளை, மெதுவாக ஊரும் மலைக் கோச்சிகூட அரை நாளுக்குள் அடக்கிவிட்டது. ஒரு நாளில் போய்த் திரும்பும் பயணம் என்ற ஒன்றே அதனால்தான் பிறந்தது.

தவளம் போன வழி

கோச்சி வருமுன் ஊவாவின் போக்குவரத்து எப்படி இருந்தது? பொதிமாடுகள் வரிசையாக நடந்த தவளம்தான் அன்றைய சரக்கு வண்டி. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏறும். பாக்கும் மிளகும் ஏனைய மலைப் பொருட்களும் கீழே இறங்கும். இந்தத் தொழிலில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. கண்டி இராச்சியத்தில் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே பத்த’ என்ற திணைக்களம் இருந்ததையும் அதில் முஸ்லிம்கள் சேவை செய்ததையும் பேராசிரியை லோர்ணா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

ஊவாவின் வரலாற்றில் இந்தப் போக்குவரத்துப் பதவியே ஒரு பெரும் தீக்குப் பொறியானது. பிரித்தானியர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களின் மடிகேக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை முஹந்திரமாக நியமித்தார்கள். அதுவரை அந்த அதிகாரம் உள்ளூர்ச் சிங்களத் தலைவர்களிடம் இருந்தது. தம் கையிலிருந்த அதிகாரம் பறிபோனதை அவர்கள் பொறுக்கவில்லை. ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளரிடம் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். விடயத்தைப் பார்க்கச் சென்ற பதுளையின் பிரித்தானிய அதிகாரி டக்ளஸ் வில்சன் 1817 ஒக்டோபரில் அம்புபட்டு மாண்டார். 1817–18 ஊவா – வெல்லஸ்ஸக் கிளர்ச்சி இவ்வாறு மூண்டது. அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. கிளர்ச்சியை அடக்கப் பிரித்தானியப் படை வயலையும் வீட்டையும் கால்நடையையும் அழித்தது. அந்த அழிவிலிருந்து ஊவா எழ நெடுங்காலம் சென்றது.

எனது வகுப்பில் இப்பகுதியைப் படிப்பிக்கும்போது பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். பாதையை யார் கையில் வைத்திருக்கிறார் என்பது அரசியல். அது மாட்டுப் பாதையாயினும் இரும்புப் பாதையாயினும் அப்படித்தான்.

சுற்றுலாவுக்கு வந்த ரயிலும் கோப்பிக்கு வந்த ரயிலும்

உலகில் ரயிலில் ஒருநாள் சுற்றுலாவைப் பிரபலமாக்கியவர் இங்கிலாந்தின் தோமஸ் குக். 1841 ஜூலை 5ஆம் திகதி ஏறத்தாழ ஐந்நூறு பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோவுக்கு ஏற்றிச் சென்று அன்றே திருப்பிக் கொண்டுவந்தார். ஒருவருக்கு ஒரு ஷில்லிங். அது மது ஒழிப்புக் கூட்டமொன்றுக்கான பயணம். குடியை விடச் சொல்லி ஆரம்பித்த காரியம் பின்னர் உலகம் முழுவதும் பரவிய சுற்றுலா வியாபாரமானது. தொழிற்சாலை நகரத்து ஏழைக்குக் கடலைக் காட்டியது அந்த ஒருநாள் ரிக்கற்தான். 1871இல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் வந்த பின் இந்த வழக்கம் இன்னும் பெருகியது.

நம் நாட்டில் ரயில் வந்த நோக்கம் வேறு. 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. கோப்பித் துரைமாரின் மூட்டைகள் துறைமுகத்துக்கு வந்துசேர வேண்டும் என்பதே அதன் அவசரம். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பிடித்தது. கோப்பி விழுந்து தேயிலை எழுந்தது. பாதை தேயிலையைத் தேடி மேலே ஏறிக்கொண்டே போனது: 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. வழியிலுள்ள பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரம். இலங்கையில் அதற்கு மேல் நிலையமில்லை.

சரக்குக்கு வந்த வண்டியில் சனங்களும் ஏறிக்கொண்டார்கள். கண்டி எசல பெரஹரவுக்கும், சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹற்றனுக்கும் விசேட வண்டிகள் ஓடும் வழக்கம் வந்தது. 1894இல் கரையோரப் பாதை காலியை எட்டிய பின், பேருவளை கெச்சிமலைப் பள்ளிவாசல் கந்தூரிக்குக் கொழும்பிலிருந்து கோச்சியில் போய் வருவது இலகுவாயிற்று. யாத்திரையும் ஸியாரத்துமே நம் நாட்டுச் சாதாரண மக்களின் முதல் ரயில் சுற்றுலாக்கள் என்று சொன்னால் பிழையாகாது.

நமது மறுமலர்ச்சியும் இந்தப் பாதையோடு சேர்ந்தே நடந்தது. அறிஞர் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர். கொழும்பு – கண்டி ரயில் ஓடத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’, 1885இல் ‘அஸன்பேயுடைய சரித்திரம்’, 1892இல் கொழும்பில் பிற்காலத்து ஸாஹிராக் கல்லூரிக்கு வித்தான மத்ரஸா ஆகியவற்றில் அவருடைய உழைப்பை நாம் அறிவோம். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த ஒறாபி பாஷாவும் கொழும்பில் சில காலம், பின்னர் கண்டியில் சில காலம் என வாழ்ந்து 1901இல் திரும்பினார். கொழும்பும் கண்டியும் ஒன்றுக்கொன்று அரைநாள் அயலூர்களாகிவிட்ட காலம் அது. மலையிலும் கரையிலும் இருந்த முஸ்லிம்கள் ஒரே சமூகமாகச் சிந்திக்க அந்த அண்மையும் துணைபுரிந்தது என்பது எனது எண்ணம்.

அதே பாதை தீமையையும் சுமந்தது. 1915 மே 28 இரவு கண்டியில் தொடங்கிய முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. ரயில் ஊழியர் சிலரும் அதில் சம்பந்தப்பட்டிருந்ததைக் கலாநிதி குமாரி ஜயவர்தன தமது ஆய்வில் எடுத்துக்காட்டியுள்ளார். செய்தியைப் போலவே வதந்தியும் ரயிலில் விரைவாகப் பயணம் செய்யும்.

அக்காலத்தில் முஸ்லிம் உலகமும் ரயிலை வேற்றுப்பொருளாகப் பார்க்கவில்லை என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். டமஸ்கஸிலிருந்து மதீனா வரையான ஹிஜாஸ் ரயில் பாதை 1900இல் ஆரம்பிக்கப்பட்டு 1908இல் மதீனாவை அடைந்தது. பல நாடுகளின் முஸ்லிம்கள் அதற்கு நன்கொடை கொடுத்தார்கள். ஏறத்தாழ நாற்பது நாள் ஒட்டகப் பயணம் சில நாட்களாகச் சுருங்கியது. அங்கே பாதை போடப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஹாஜி. இங்கே காரணம் தேயிலைப் பெட்டி. இரண்டுக்கும் பின்னால் ஓர் அரசின் படைத் தேவையும் இருந்தது. பண்டாரவளைக்கு அருகிலுள்ள தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு தென்னாபிரிக்கப் போயர் யுத்தக் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் தடுத்து வைக்கப்பட்டார்கள். இந்த மலைக்கு அத்தனை பேரைக் கொண்டுவர ரயில் இருந்தபடியால்தான் அது சாத்தியமாயிற்று.

முப்பது கிலோமீற்றருக்கு முப்பது வருடம்

பண்டாரவளைக்கு 1894இல் வந்த கோச்சி பதுளைக்கு வந்தது 1924இல். இடைப்பட்ட தூரம் முப்பது கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். அதற்குச் சென்றது முப்பது வருடம். இடையில் முதலாம் உலக யுத்தமும் வந்தது. நிலமோ எல்லாவற்றையும் விடக் கடினமானது. பண்டாரவளையிலிருந்து பதுளை ஐந்நூறு மீற்றருக்கு மேல் பள்ளத்தில் இருக்கிறது. மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓட்டத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ கூடாது என்பது விதி. நேராக இறங்கினால் இந்த விதி உடையும். ஆகவே பாதையை வளைத்து, சுற்றி, நீட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது.

அந்த நீட்டலின் உச்சம் தெமோதரை. எல்லயிலிருந்து வரும் வண்டி தெமோதரை நிலையத்தில் நின்று, புறப்பட்டு, குன்றைச் சுற்றி வட்டமிட்டு, தான் சற்று முன்னர் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. எல்லக்கும் தெமோதரைக்கும் இடையில் இருப்பது இன்று உலகமே படம்பிடிக்கும் ஒன்பது வளைவுப் பாலம். நீளம் ஏறத்தாழ 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். 1921இல் கட்டி முடிக்கப்பட்டது.

இந்த இரண்டையும் பற்றி இரண்டு கதைகள் ஊவாவில் வழங்குகின்றன. யுத்தத்துக்கு உருக்கு தேவைப்பட்டதால் பாலத்துக்கு உருக்கு வரவில்லை. அப்போது அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் முன்வந்து கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் கொண்டு கட்டிக்கொடுத்தார் என்பது ஒரு கதை. தெமோதரைக்கு வழி தெரியாமல் பொறியியலாளர் விமலசுரேந்திர தடுமாறியபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதைப் பார்த்தே இந்த வட்டப் பாதையின் யோசனை அவருக்கு வந்தது என்பது மற்றது.

எழுத்துச் சான்று வேறு விதமாகப் பேசுகிறது. இலங்கைப் பொறியியற் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கை இந்தப் பாலத்தைக் கொங்கிறீட் பாலம் என்றே விபரிக்கிறது. அதை வடிவமைத்தவர் ரயில்வே நிர்மாணப் பகுதியைச் சேர்ந்த ஹெரல்ட் கத்பர்ட் மார்வூட். ஆகவே கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் கதையை வீசிவிடவும் கூடாது. வெள்ளைக்காரரின் கட்டடத்தில் நம்மவர் கையும் உண்டு என்று சொல்ல விரும்பிய மக்களின் மனதை அது காட்டுகிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அறிக்கையில் மார்வூட்டின் பெயர் இருக்கிறது. முதற் கதையில் அப்புஹாமிக்குப் பெயர் இருக்கிறது. இரண்டாவது கதையில் விமலசுரேந்திரவுக்குப் பெயர் இருக்கிறது. அதே கதையில் வரும் கங்காணிக்கு மட்டும் பெயரில்லை. அவருக்குத் தலைப்பாகை மாத்திரமே இருக்கிறது. கற்பனைக் கதையில்கூடத் தோட்டத்துத் தமிழனுக்கு ஒரு பெயர் வைக்க எவருக்கும் தோன்றவில்லை. கல்லுடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், சுரங்கம் குடைந்தவர்கள், அவர்களுக்கு அரிசியும் மாவும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர்கள் ஆகியோர் கதைக்குள் வரவே இல்லை.

வந்த கோச்சியும் அழுத கோச்சியும்

தோட்டத் தொழிலாளரின் முன்னோர் முதலில் கோச்சியில் வரவில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டவர் பலர். 1914இல் தலைமன்னார் வரை ரயில் போடப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் இணைக்கப்பட்ட பின்னரே அந்த நடை ஓய்ந்தது. ஒரு மனிதன் திருச்சியிலோ மதுரையிலோ ஏறி, கடலை மட்டும் கப்பலில் தாண்டி, மலையகத்து நிலையமொன்றில் வந்து இறங்கலாம் என்ற நிலை வந்தது.

அதே வழி ஐம்பது ஆண்டுகளின் பின் எதிர்த்திசையில் பயன்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. எஞ்சிய 150,000 பேரின் கணக்கு பின்னர் பேசப்பட்டது. அதன்படி அனுப்பப்பட்டவர்களை மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். 1984இல் யுத்தம் காரணமாகக் கப்பற் சேவை நின்றது.

என் வாப்பாவின் வாப்பா நிலையத்துக்கு அருகே சிறு கடை வைத்திருந்தவர். அந்த நாட்களைப் பற்றி அவர் சொன்னதாக வாப்பா எனக்குச் சொன்னது ஒன்றுண்டு. போவதற்கு முன் கடன் கொப்பியைத் தேடி வந்து, இருந்த பாக்கியைத் தீர்த்துவிட்டே சிலர் கோச்சி ஏறினார்களாம். தீர்க்க முடியாத ஒருவருடைய பக்கத்தை அவர் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தாராம். ஹலால் ஆக்கிவிட்டேன் என்று சொன்னாராம். அந்தக் கொப்பி இன்று எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் ஊவாவின் வரலாற்றுக்கு அதுவும் ஓர் ஆவணமாகியிருக்கும்.

யாருடைய ஒரு நாள்?

சுதந்திரத்தின் பின் பாதை மெல்ல மெல்ல நம்முடையதாயிற்று. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்தன. பி. டி. ரம்பால ரயில்வேயை நடத்திய காலத்தில், 1956இல் ‘உடரட்ட மெனிக்கே’ என்று மலைநாட்டுப் பெண்ணின் பெயரில் கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது. ‘பொடி மெனிக்கே’யும் இரவுத் தபால் வண்டியும் நம் பிள்ளைகளின் நாவில் வீட்டாரின் பெயர்களைப் போலப் பழகின.

ஆயினும் கணக்கு மாறவில்லை. கொழும்புக்காரருக்கு எல்ல ஒரு நாளில் எட்டாதது போலவே எல்லக்காரருக்கும் கொழும்பு ஒரு நாளில் எட்டாது. இதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர் வருவது மகிழ்ச்சிக்கு. நாம் போவது காரியத்துக்கு. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஒரு கையொப்பம் வாங்க வேண்டியிருந்தபோது என் வாப்பா இரவு வண்டியில் போய், மறுநாள் பகல் முழுவதும் வாங்கில் காத்திருந்து, மறுபடி இரவு வண்டியில் திரும்பினார். ஒரு கையொப்பத்துக்கு இரண்டு இரவு. கைக்குழந்தையோடு வைத்தியசாலைக்குப் போகும் தோட்டத்துத் தாய்க்கும், நேர்முகப் பரீட்சைக்குப் போகும் எமது மாணவனுக்கும் இதே கணக்குத்தான். தலைநகரிலிருந்து ஒரு நாளில் போய்வர முடியாத ஊர், தலைநகரின் நினைவிலும் தூரமாகிவிடுகிறது.

2009இல் யுத்தம் முடிந்த பின் எல்லயின் முகம் மாறியது. ஒரு தேநீர்க் கடையும் வாடிவீடும் இருந்த சந்தியில் விடுதிகள் நிறைந்தன. கோச்சியின் வாசலில் தொங்கியபடி படமெடுப்பதற்காகவே உலகின் பல பாகங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2022இல் ‘எல்ல ஒடிசி’ என்ற சுற்றுலா வண்டி ஆரம்பிக்கப்பட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எமது பழைய மாணவர் பலருக்கு அதனால் தொழில் கிடைத்தது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மரக்கறிக் கூடையுடன் ஏறும் ஆச்சிக்கும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கும் உரிய இடம் அந்த மகிழ்ச்சியில் குறைந்துவிடக்கூடாது.

2025ஆம் ஆண்டு எங்களுக்குத் துயரமான ஆண்டு. செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் உயிரிழந்தார்கள். தங்காலை நகர சபை ஊழியர்களும் அவர்களது குடும்பத்தாரும் சுற்றுலா வந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வேளை அது. நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி வந்தது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் வீடுகளையும் உயிர்களையும் விழுங்கின. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. அடியில் மண் கழுவப்பட்டு, தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கிய காட்சிகளை நாடே பார்த்தது. கொழும்பிலிருந்து ஊவாவுக்கு நேராக வந்த கோச்சிகள் நின்றன.

அந்த நாட்களில் ஊவாவில் பலரும் ஒன்றை உணர்ந்திருப்பார்கள். பாதை அறுந்தால் நாம் மறுபடி மர்ஹலாக் காலத்துக்குப் போய்விடுகிறோம். இருநூறு வருட மாற்றம் ஓரிரவு மழையில் கரையக்கூடியது. ‘ஸபஃ’ அத்தியாயத்தில் அல்லாஹ் ஸபஃ நாட்டவரின் கதையைச் சொல்கிறான். ஊர்கள் ஒன்றையொன்று பார்க்கும் அண்மையில் இருந்தன. இரவும் பகலும் அச்சமின்றிப் பயணம் செய்ய வழி இருந்தது. அவர்களோ நன்றி மறந்து, பயணத் தூரங்களை நீளமாக்கு என்று கேட்டார்கள். முடிவில் அவர்கள் சிதறடிக்கப்பட்டு வெறும் கதையாகிப் போனார்கள். பக்கத்து ஊருக்குப் பயமின்றிப் போய்வருவது ஒரு நிஃமத் என்பதை அந்த வசனங்கள் உணர்த்துகின்றன. ஆகவே இந்தப் பாதையைக் காப்பதையும் திருத்துவதையும் வெறும் சுற்றுலா வருமானக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. மலையிலுள்ளவர்களின் நாளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நமக்குள்ள ஒருநாள் பயணம்

கொழும்பிலிருந்து முடியாத ஒருநாள் பயணம் ஊவாவுக்குள்ளே முடியும். பதுளை, ஹாலிஎல, உடுவரை, தெமோதரை, எல்ல, பண்டாரவளை. எல்லாம் ஒரு காலைப் பொழுதுக்குள் அடங்கும் நிலையங்கள். வண்டி ஒழுங்காக ஓடிய ஆண்டுகளில் நான் தரம் பத்துப் பிள்ளைகளை இந்த வழியில் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆளுக்கு ஒரு கொப்பி, ஒரு சோற்றுப் பொதி. தெமோதரையில் இறங்கி, தாங்கள் வந்த பாதையின் மேலேயே தாங்கள் நிற்பதைப் பார்ப்பார்கள். புவியியல் பாடம் அங்கேயே முடிந்துவிடும். எல்லயில் ளுஹர் தொழுதுவிட்டு, ‘எல்ல’ என்றால் சிங்களத்தில் நீர்வீழ்ச்சி என்பதையும், இராவணனின் பெயரை அந்த நீர்வீழ்ச்சி ஏன் தாங்குகிறது என்பதையும் பேசிக்கொள்வோம். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: ‘சேர், இந்தப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பாலத்தைத்தானே கேட்கிறார்கள், கட்டினவர்களை ஏன் கேட்பதில்லை?’ அவளுடைய பாட்டனார் ரயில் பாதைத் திருத்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பின்னர் பிள்ளைகளுக்கு வேறொரு வேலையும் கொடுத்து வருகிறேன். குடும்பத்தில் யாராவது ரயிலோடு சம்பந்தப்பட்டிருந்தால், பெயர், ஊர், செய்த வேலை, ஏறிய நிலையம் என்று கேட்டு எழுதிவர வேண்டும். பாதை திருத்தியவர், கொடி காட்டியவர், நிலையத்தில் கடலை விற்றவர், மூட்டை தூக்கியவர், கடை வைத்தவர், அழுகைக் கோச்சியில் மகளை அனுப்பியவர் ஆகியோரின் பெயர்களால் இப்போது இரண்டு கொப்பிகள் நிறைந்துவிட்டன. முஸ்லிம், தமிழ், சிங்களப் பெயர்கள் கலந்தே கிடக்கின்றன. அவை உண்மையில் கலந்தே வாழ்ந்தன.

இந்த இதழின் வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நமது இலக்கிய வரலாற்றை எழுதும்போது கரையோரத் துறைமுகங்களைப் பற்றி நிறைய எழுதினோம். காயல்பட்டினமும் பேருவளையும் காத்தான்குடியும் நம் நூல்களில் இருக்கின்றன. மலையிலுள்ள ரயில் நிலையங்களைச் சுற்றி வளர்ந்த முஸ்லிம் ஊர்களைப் பற்றி எழுதியது குறைவு. தவளம் நடத்தியவரின் பேரன் நிலையத்தடியில் கடை வைத்ததும், அவருடைய பேரன் ஆசிரியரானதும் ஒரு தொடர்ச்சி. அந்தத் தொடர்ச்சியை அறிந்த மூத்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். பழைய கடன் கொப்பி, பள்ளிவாசல் சந்தாப் பதிவு, ரிக்கற் துண்டு, திருமண அழைப்பிதழ் எதுவாயினும் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெரியவர்களிடம் கேட்டு, தேதியிட்டு எழுதி வையுங்கள். தெமோதரைக் கங்காணிக்கு நாம் இனிப் பெயர் தேடிக் கொடுக்க முடியாமற் போகலாம். அவருக்குப் பின் வந்தவர்கள் பெயரோடு நினைக்கப்பட வழி இருக்கிறது. அல்லாஹ் இந்த மலைகளையும் இவற்றில் வாழும் மக்களையும் இவற்றினூடாகப் பயணம் செய்வோரையும் பாதுகாப்பானாக.